அமெரிக்க ரொமான்டிசிசமும் சமூக மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வீட்டில் வகுப்பு எடுக்கிறேன். அமெரிக்க இலக்கியத் தாள் வந்துவிட்டால் போதும், வருஷா வருஷம் அதே சந்தேகங்கள், பல சமயம் அதே வார்த்தைகளில். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு, ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மேடம், ரொமான்டிசிசம்னா காதல் கதைதானே?

இல்லை. காதலும் வரும், ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. எல்லாவற்றையும் அறிவாலும் அளவாலும் ஒழுங்காலும் அடக்கிவிடலாம் என்று நம்பிய 18ஆம் நூற்றாண்டின் மேல் வந்த சலிப்பிலிருந்து பிறந்தது இது. உணர்ச்சி, கற்பனை, இயற்கை, தனி ஆளின் உள்மனம் இவற்றை நடுவில் கொண்டுவந்து வைத்தது.

தமிழில் கற்பனாவாதம், புனைவியல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. கற்பனாவாதம் என்றதுமே நடக்காத காரியத்தைப் பேசுகிறவர்கள் என்று ஒரு ஏளனம் கூடவே வந்துவிடுகிறது. அதனால் இங்கே ரொமான்டிசிசம் என்றே எழுதுகிறேன்.

இங்கிலாந்துல எல்லாம் முடிஞ்சப்புறம் அமெரிக்கால ஏன் இவ்வளவு லேட்?

நாடே புதுசு, சொந்தமாக எழுதிப் பிழைக்க வழியும் இல்லை. 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. அங்கிருந்த பதிப்பாளர் ஒரு காசு கொடுக்காமல் இங்கிலாந்து நாவலை அச்சடித்து விற்கலாம் என்றால், உள்ளூர்க்காரனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? நாவலாசிரியர் கூப்பர் போன்றவர்கள் 1820களிலேயே எழுதினாலும், சூடு பிடித்தது கட்டுரையாளர் எமர்சன் 1836-ல் இயற்கையைப் பற்றிய சிறு நூலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்ட பிறகுதான். அடுத்த வருஷம் ஹார்வர்டில் பேசும்போது, ஐரோப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்ட காலம் முடிந்தது என்று சொன்னார். அதிலிருந்து ஏறக்குறைய உள்நாட்டுப் போர் (1861-65) வரை என்று காலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சென்டென்டலிசம், ஒரே வரில சொல்லுங்க ப்ளீஸ்.

சத்தியத்தைத் தெரிந்துகொள்ள சர்ச்சோ சாஸ்திரமோ அரசாங்கமோ நடுவில் வேண்டாம், உனக்குள்ளேயே அது இருக்கிறது, இயற்கைக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

ஒரு வரிதானே கேட்டீர்கள். ஆனால் இது வெறும் தத்துவமாக நிற்கவில்லை. இதன் முக்கியக் குரலான எமர்சன் பாஸ்டனில் பாதிரியாராக இருந்தவர், மனம் ஒப்பாமல் 1832-ல் அந்த வேலையை விட்டார். 1838-ல் ஹார்வர்டின் இறையியல் மாணவர்கள் முன்னால் இதையே பேசியதால், ஏறக்குறைய 30 வருஷம் அங்கே அவரை மறுபடி பேச அழைக்கவில்லை.

மரம், குளம், வானம்னு எழுதினவங்கதானே? இதுல சமூக மாற்றம் எங்க வருது?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எமர்சன் வட்டாரத்தின் ஆரம்ப நம்பிக்கை, ஆள் மாறினால் ஊர் தானாக மாறும் என்பது. சங்கம், ஊர்வலம், மனு எல்லாம் அவர்களுக்குக் கொஞ்சம் அலர்ஜி. 1838-ல் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டப்போகிறார்கள் என்று தெரிந்து ஜனாதிபதி வான் பியூரனுக்கு எமர்சன் காட்டமாக ஒரு திறந்த கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, இது என் வேலையா என்று அவருக்கே உறுத்தல். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்துப்போன அந்த வெளியேற்றத்தைக் கடிதம் தடுக்கவும் இல்லை.

அப்புறம் 1850 வந்தது. தப்பியோடிய அடிமைகள் சட்டம். அடிமை முறை இல்லாத வட மாநிலங்களிலும் தப்பி வந்தவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதிகாரி கூப்பிட்டால் சாதாரண ஜனமும் உதவ வேண்டும். விசாரிக்கிற கமிஷனருக்கு, பிடிபட்டவர் அடிமைதான் என்று தீர்ப்பளித்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கூலி. இந்த ஒரு விவரத்தை மட்டும் மறக்காதீர்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தச் சட்டத்துக்குக் கடவுள்மேல் ஆணையாகக் கீழ்ப்படிய மாட்டேன் என்று எமர்சன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1854-ல் அந்தோணி பர்ன்ஸ் என்ற, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இளைஞரை பாஸ்டன் தெருவில் படைக்காவலோடு கப்பலுக்கு நடத்திப்போனபோது ஆயிரமாயிரம் பேர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். நீ முதலில் மாறு என்று ஊருக்குச் சொன்னவர்கள் வீட்டுக் கதவை ஊரே வந்து தட்டியது இப்படித்தான்.

தோரோ காட்டுல தனியா வாழ்ந்தார்னு சொல்றாங்க, ஆனா துணியை அவங்க வீட்லதான் துவைச்சாங்களாமே? ஏமாத்து வேலைதானே?

வருஷத்துக்கு ஒருவராவது இதை ஏதோ துப்பறிந்த பெருமையோடு கேட்கிறார்கள். எமர்சனின் நண்பரும் எழுத்தாளருமான தோரோ, அடர்ந்த காட்டுக்குப் போனதாகச் சொல்லவே இல்லை. பக்கத்து வீடு ஒரு மைல், நாளைக்கோ மறுநாளோ ஊருக்குள் போய் வம்பு கேட்டு வருவேன் என்று அவரே எழுதுகிறார். வால்டன் குளக்கரையில் இருந்த அந்த நிலம் எமர்சனுடையது. குடிசை 10 அடிக்கு 15 அடி, செலவு 28 டாலர் 12½ சென்ட், அந்த அரை சென்ட் உட்பட அவருடைய 'வால்டன்' புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை இருந்தார்.

துணியை விட எனக்கு உறுத்துவது பலகைகள்தான். ரயில் பாதை போட வந்த ஐரிஷ் கூலித் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து, அந்தப் பலகைகளை வெயிலில் காயவைத்துத்தான் தன் குடிசையைக் கட்டினார். அந்தக் குடும்பம் மறுநாள் விடிகாலையில் ஒற்றை மூட்டையில் வீட்டையே கட்டிக்கொண்டு போகிறது, அதையும் அவரே எழுதுகிறார். எளிமையாக வாழ்வது ஒருவருக்குச் சோதனை முயற்சி, இன்னொருவருக்கு வேறு வழியில்லாத நிலைமை. அந்த இடத்தை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகிறார் என்பது என் குறை. ஆனால் அதே புத்தகத்தில் குளத்தைச் சுற்றி முன்பு வாழ்ந்து மறைந்துபோன, அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களைப் பெயர் சொல்லி நினைவுகூர ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். 1846 ஆகஸ்டில் அவர் ஊரான கான்கார்டின் பெண்களுடைய அடிமை ஒழிப்புச் சங்கம் ஆண்டுக் கூட்டத்தை நடத்தியது அந்தக் குடிசை வாசலில்தான். தனிமை என்றால் இவ்வளவு தனிமைதான்.

நம்மூர் சம்பந்தமும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வால்டன் குளத்து ஐஸை வெட்டி எடுக்க நூறு பேர் வந்தார்கள். சார்ல்ஸ்டன், மதராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வாடுகிறவர்கள் இனி என் கிணற்றில் தண்ணீர் குடிப்பார்கள் என்று தோரோ எழுதினார். நியூ இங்கிலாந்து ஐஸ் கப்பலில் சென்னைக்கு வந்தது நிஜம், அதை இறக்கிவைத்த கட்டடம்தான் மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். என்ன, அந்த வருஷம் வால்டனில் குவித்த ஐஸில் பெரும்பகுதி எங்கும் போகாமல் உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் மனுஷன்.

ஒரே ஒரு ராத்திரி ஜெயில். அதுக்கா இவ்வளவு பில்டப்?

1846 ஜூலையில், தலைவரி கட்டாததற்காக. அடிமை முறையைத் தாங்கிப் பிடிக்கிற, மெக்சிகோ மேல் போர் தொடுக்கிற அரசுக்கு என் காசு போகக் கூடாது என்பது அவர் வாதம். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே விட்டார்கள். கட்டியது அத்தை என்கிறார்கள். வெளியே வந்தவர், பழுது பார்க்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கிக்கொண்டு, ஊர்க்காரர்களோடு பெர்ரி பறிக்கப் போய்விட்டார்.

சிறை சின்னதுதான், அதிலிருந்து அவர் எடுத்த கேள்வி சின்னதில்லை. அநியாயச் சட்டம் உன்னையே இன்னொருவனுக்குக் கொடுமை செய்யும் கருவியாக்கினால் நீ கீழ்ப்படிவாயா? இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை (இன்று 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்கிறோம்) 1849-ல் அச்சானபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அடுத்த வருஷமே மேலே சொன்ன சட்டம் வந்து, அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது.

காந்தி இதைப் படிச்சுத்தான் சத்தியாகிரகம் ஆரம்பிச்சாரா?

தேர்வில் அப்படி எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் போராட்டம் 1906-லேயே தொடங்கிவிட்டது, தோரோவின் கட்டுரை கைக்கு வந்தது அதற்குப் பிறகு. 1907-ல் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார். என் யோசனையை தோரோவிடமிருந்து எடுத்தேன் என்பது தவறு என்று காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார். துணை கிடைத்தது என்று சொல்லலாம்.

எல்லாரும் சேர்ந்து வாழ்ற பண்ணைன்னு ஏதோ ஆரம்பிச்சாங்களே, அது என்ன ஆச்சு?

இரண்டு இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். புரூக் ஃபார்ம், 1841 முதல் 1847 வரை, பாஸ்டனுக்குப் பக்கத்தில். ஜார்ஜ் ரிப்ளி தொடங்கியது. காலையில் வயல்வேலை, மாலையில் கவிதை, முதலாளி தொழிலாளி பேதம் கிடையாது என்பது திட்டம். பணம் போட்டுச் சேர்ந்த நாவலாசிரியர் ஹாதார்ன், சாணி அள்ளி அள்ளி ஒரு வருஷம்கூடத் தாங்காமல் கிளம்பினார், எழுத ஒரு வரி ஓடவில்லையாம். போட்ட பணத்தைக் கேட்டு அப்புறம் வழக்கும் போட்டார். 1846-ல் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடம் எரிந்தது, அதோடு பண்ணையும் எழுந்திருக்கவில்லை.

ஃப்ரூட்லேண்ட்ஸ் 1843-ல், ஏழு மாதம். பிரான்சன் ஆல்காட் ஆரம்பித்தது. பருத்தி அடிமைகள் உழைப்பில் வருகிறது, கம்பளி ஆட்டிடமிருந்து பறித்தது, அதனால் லினன் மட்டும் உடுத்த வேண்டும். பாலும் கிடையாது. கொள்கை குறையில்லைதான், ஆனால் அறுவடை நேரத்தில் ஆண்கள் பிரசங்கம் செய்யக் கிளம்பிவிட, புயல் வரும் முன் தானியத்தைக் கூடைகளிலும் துணிகளிலும் அள்ளிச் சேர்த்தது ஆல்காட்டின் மனைவியும் பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகளில் பத்து வயதான லூயிசா, வளர்ந்து அதையெல்லாம் கேலிக்கதையாக எழுதினார்.

இந்த லிஸ்ட்ல பெண்களே இல்லையா மேடம்?

இருந்தார்கள், பாடத்திட்டம்தான் வெகுநாள் விட்டுவிட்டது. மார்கரெட் ஃபுல்லர் 1839 முதல் பாஸ்டனில் பெண்களுக்காகக் கட்டண உரையாடல் வகுப்பு நடத்தினார், எமர்சன் வட்டத்தின் 'டயல்' இதழுக்கு முதல் ஆசிரியர் அவர்தான். 1845-ல் வந்த அவர் புத்தகத்தின் வாதத்தைக் கவனியுங்கள்: உனக்குள் இருக்கும் ஒளியை நம்பு என்று ஆண்களிடம் சொல்கிறீர்களே, அந்த ஒளி பெண்ணுக்குள்ளும் இருந்தால் அவள் எந்த வேலைக்கும் போகட்டும், வேண்டுமானால் கப்பல் தலைவியாகட்டும். எமர்சனின் தத்துவத்தை எடுத்து, எமர்சனே போகத் தயங்கிய இடம்வரை நடந்து காட்டினார். நியூயார்க் பத்திரிகைக்காக சிறைச்சாலைப் பெண்களைப் பார்த்து எழுதினார், ரோமில் புரட்சியை நேரில் கண்டார். 1850-ல் ஊர் திரும்பும்போது கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் உடைந்து கணவரோடும் குழந்தையோடும் இறந்துபோனார். எமர்சன் தோரோவை அனுப்பிக் கடற்கரையில் தேடச் சொன்னார். ரோமைப் பற்றிய கையெழுத்துப் பிரதி கிடைக்கவே இல்லை.

அப்ப எமிலி டிக்கின்சன்? வீட்டை விட்டே வரலையே, அவங்களுக்கும் சமூகத்துக்கும் என்ன?

சுமார் 1,800 கவிதைகளில் ஏறக்குறைய பாதி உள்நாட்டுப் போர் வருஷங்களில் எழுதியவை என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். போரைப் பற்றி நேராக எழுதியவை குறைவு, சாவைப் பற்றி ஏராளம். 1862 ஏப்ரலில் என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டு முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதம் போட்டாரே, அந்த ஹிக்கின்சன் யார் தெரியுமா? அந்தோணி பர்ன்ஸை மீட்க நீதிமன்றக் கதவை உடைக்கப்போன கூட்டத்தில் முன்னால் நின்றவர், அதே 1862 கடைசியில் விடுதலையான அடிமைகளின் படைப்பிரிவுக்குத் தளபதியானவர். வீட்டுக்குள்ளிருந்து எழுதினாலும் கடிதம் போன முகவரி அது.

ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையா இருந்து சுயசரிதை எழுதினவர். அவரைப் போய் எப்படி ரொமான்டிக்னு சொல்றது?

1845-ல் வந்த அவர் புத்தகத்தில் ஓரிடம். செசபீக் விரிகுடாக் கரையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறார், வெள்ளைப் பாய் விரித்த கப்பல்கள் போகின்றன. நீங்கள் கட்டவிழ்ந்து போகிறீர்கள், நான் சங்கிலியில் நிற்கிறேன் என்று கப்பல்களிடமே பேசுகிறார். இயற்கைக் காட்சி முன் உள்மனம் திறந்து பேசுவதுதானே ரொமான்டிக் கவிதையின் வழக்கம். அவர் அதைக் கையில் எடுத்து, பார்க்கிறவனே இன்னொருவனின் சொத்தாக இருந்தால் இந்தக் காட்சி என்னவாகும் என்று காட்டுகிறார். உன்னையே நம்பு என்று எமர்சன் எழுதலாம். டக்ளஸ் தனக்குச் சட்டப்படி சொந்தமாவதற்கு 1846-ல் பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது.

இவரோடு ஹாரியட் ஜேக்கப்ஸையும் படியுங்கள் (1861). எஜமானிடமிருந்து தப்பிப் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரம் கூடிய இடத்தில் 3 அடி. துளைக்கருவியால் ஓட்டை போட்டு, கீழே தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்த்தார். தோரோவின் குடிசை அளவை மேலே கொடுத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிள் டாம்ஸ் கேபின்தான் போருக்குக் காரணம்னு லிங்கனே சொன்னாராமே?

ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், அடிமை முறையின் கொடுமையைச் சொல்லும் அந்த நாவலை எழுதத் தூண்டியது, மறுபடியும், 1850 சட்டம். 1852-ல் புத்தகமாக வந்து முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி போனது. லிங்கனை அவர் 1862-ல் சந்தித்தது உண்மை. 'இந்தப் பெரும்போரை மூட்டிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா' என்ற வாக்கியம் பல பத்தாண்டு கழித்துக் குடும்பத்தார் வழியாக அச்சில் வந்தது, அதனால் மேற்கோள் குறிக்குள் போட்டு மார்க் எதிர்பார்க்காதீர்கள். நாவல் கண்ணீரால் வேலை செய்கிறது, அதனால்தான் அவ்வளவு தூரம் போனது. கறுப்பினத்தவரை அப்பாவிப் பொறுமைசாலிகளாகக் காட்டிய அதன் குறையும் அதே கண்ணீரில்தான் இருக்கிறது.

ஹாதார்ன், மெல்வில் எல்லாம் 'டார்க்' ரொமான்டிக்ஸ். அப்ப அவங்க மாற்றத்துக்கு எதிரியா?

மனிதனுக்குள் இருக்கும் இருட்டை, பாவத்தை எழுதியதால்தான் அவர்களுக்கு அந்தப் பெயர். ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஹாதார்னுக்குச் சீர்திருத்தக்காரர்கள் மேல் நம்பிக்கை கிடையாது (பண்ணைக் கதை மேலே). கல்லூரித் தோழர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் 1852-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்தார், அடிமை முறை தன் காலம் வந்ததும் கனவுபோல் மறைந்துவிடும் என்ற ரீதியில் அதில் எழுதினார். அந்த பியர்ஸ் ஆட்சியில்தான் பர்ன்ஸ் சம்பவம். ஆனால் ஊர் கூடி ஒரு பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்துவது எப்படியிருக்கும் என்று அவருடைய 1850 நாவல் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' போல் யார் எழுதினார்கள்? அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை) நடந்த சூனிய வழக்குகளில் நீதிபதியாக இருந்தவர் அவர் மூதாதை, அந்தக் கூச்சம் எழுத்தில் தெரிகிறது.

மெல்வில் வேறு மாதிரி. 'பெனிட்டோ செரினோ' (1855) கதையில் அடிமைகள் ஏற்கெனவே கப்பலைக் கைப்பற்றிவிட்டார்கள், அதை மறைத்து நாடகமாடுகிறார்கள். மாசசூசெட்ஸிலிருந்து வந்த நல்ல மனசுக்காரத் தலைவர் டெலானோ கப்பலில் ஏறுகிறார். அடிமைகளின் தலைவனான பாபோ தன் 'எஜமான்' கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்கிறான், எஜமான் நடுங்குகிறார், டெலானோவோ என்ன விசுவாசமான வேலைக்காரன் என்று மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வட மாநிலத்து நல்லவர்களின் கண் எவ்வளவு குருடு என்று இதைவிடக் கூர்மையாக அந்தக் காலத்தில் சொன்னவர் எனக்குத் தெரிந்து இல்லை. மெல்விலின் மாமனார், தப்பி வந்த தாமஸ் சிம்ஸை 1851-ல் விடுவிக்க மறுத்த தலைமை நீதிபதி லெமுவெல் ஷா என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடி மக்கள் கூப்பர் நாவல்ல மட்டும்தான் வர்றாங்களா?

கூப்பர் 1826-ல் 'தி லாஸ்ட் ஆஃப் த மோஹிகன்ஸ்' நாவலில் அவர்களைக் 'கடைசி' ஆட்களாக்கி அழகாக அழவைத்தார், நாலே வருஷத்தில் அவர்களை வெளியேற்றும் சட்டம் வந்தது. இருக்கிறவர்களை இல்லாதவர்களாக எழுதுவது ரொமான்டிசிசத்தின் மோசமான பழக்கம். பீக்வாட் இனத்தைச் சேர்ந்த வில்லியம் ஏப்பெஸ் 1829-ல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சிட்டார். தேடிப் படியுங்கள்.

விட்மனைப் பாரதியார் படிச்சிருக்காராமே? அவர் உண்மையிலேயே சமத்துவக் கவிதானா?

படித்திருக்கிறார். 'நகரம்' என்ற கட்டுரையில், எதுகை மோனை தளை எதுவும் இல்லாமல் வசனம் போலவே இருக்கும் கவிதை என்று விட்மனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாரதியின் வசன கவிதைக்கும், பின்னால் ந. பிச்சமூர்த்திக்கும் அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தது.

1855-ல் விட்மன் தன் செலவில் போட்ட 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பு 795 பிரதி, பன்னிரண்டு கவிதை, சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்தது அவர் கையே. எமர்சன் பாராட்டிக் கடிதம் எழுத, அவரைக் கேட்காமலே விட்மன் அதில் ஒரு வரியை அடுத்த பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் அடித்துவிட்டார்! முதல் நீண்ட கவிதையில், தப்பி வந்த அடிமை ஒருவருக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, புண்பட்ட கழுத்துக்கும் கணுக்காலுக்கும் மருந்து வைத்து, பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார், துப்பாக்கி மூலையில் சாய்ந்திருக்கிறது. கவிதையில் இப்படி. வாழ்க்கையில், கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது அதைச் சந்தேகித்துப் பேசியிருக்கிறார். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மறைத்தால் விடை பாதிதான்.

கடைசியா, ரொமான்டிசிசம் எப்ப முடிஞ்சுது? வருஷம் சொல்லுங்க.

பாடப்புத்தகம் 1865 என்று போடும், அதையே எழுதுங்கள். தோரோ 1862-லேயே போய்விட்டார், ஹாதார்ன் 1864-ல்.

என்னைக் கேட்டால் 1862 டிசம்பர் என்பேன். பிரெடரிக்ஸ்பர்க் போரில் தம்பிக்கு அடிபட்டது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு விட்மன் ஓடுகிறார். தம்பிக்குக் கன்னத்தில் சின்னக் காயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியாக்கிய ஒரு மாளிகையின் வாசலில், மரத்தடியில், வெட்டியெடுத்த கைகளும் கால்களும் ஒரு வண்டிப் பாரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. புல்லையும் மரத்தையும் உடம்பையும் பாடியவர் அதைப் பார்த்தார். அப்புறம் வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்காக, ஆரஞ்சும் புகையிலையும் தாளும் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், எழுத முடியாத சிப்பாய்களுக்காக அவர்கள் அம்மாக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.